மறு: ‘மெமரி ஃபுட்பிரின்ட்’டுக்கு ‘நினைவகத் தடம்’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் மொழிபெயர்க்கும் இயங்குதளக் கையேட்டில் வரும் ‘மெமரி ஃபுட்பிரின்ட்’டுக்கு (ஒரு மென்பொருள் நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கும் இடத்தின் அளவு) தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்ற இந்த மடல் இழை நீண்டுவிட்டது. ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியாகப் பதில் போட்டால் இன்னும் நீளும் என்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். நடுவே மேற்கோள் காட்டியவை யாருடையவை என்பது மேலே உள்ள மடல்களில் இருக்கிறது.

> ஃபுட்பிரின்ட் என்றால் காலடித் தடம். மெமரி ஃபுட்பிரின்ட் என்றால் நினைவகத் தடம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. தமிழில் தடம் என்பது ஆள் போன பிறகு கிடப்பது. யானைத் தடம், வண்டித் தடம், திருடன் விட்டுப்போன தடம், எல்லாமே வந்தவர் போய்விட்டார் என்றுதான் சொல்கின்றன. கார்பன் தடம் என்று எழுதும்போது அது பொருந்துகிறது. விமானம் போய்விட்டது, புகை நிற்கிறது. நாம் மொழிபெயர்க்கும் கையேட்டில் வரும் ஃபுட்பிரின்ட் அப்படிப்பட்டதல்ல. இயங்குதளம் இந்த நொடியில் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் அங்கே பேச்சு. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் ரேமில் அதன் சுவடுகூட இருக்காது. சுவடே இல்லாத ஒன்றைத் தடம் என்பதா?

> பெயர் எதுவாக இருந்தால் என்ன, பழகப் பழகப் பொருள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொள்ளும்தான், ஆனால் அந்தச் சொல் வேறு வேலையில் இல்லாதபோது. பிழைதேடும்போது நிரல் எந்த வழியாகப் போய் வந்தது என்று பதிவுசெய்யும் ‘ட்ரேஸ்’ வசதிக்குத் தடம் என்றுதான் நாம் எழுதி வருகிறோம். கையேட்டில் ஓரிடத்தில் ட்ரேஸ் பஃபரின் (அந்தப் பதிவுகளைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடையகம்) ஃபுட்பிரின்ட்டைக் குறைப்பது பற்றி ஒரு பகுதி வருகிறது. அதைத் ‘தட இடையகத்தின் தடத்தைக் குறைத்தல்’ என்று எழுதினால் படிப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார். ஒரே ‘சுட்டி’யை மவுஸுக்கும் பாயின்டருக்கும் இணைய லிங்க்குக்கும் வைத்துக்கொண்டு நாம் படும் பாடு போதும்.

இதெல்லாம் சில்லறைக் காரணங்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று.

மேசைக் கணினியில் பழகியவர்களுக்கு நினைவகம் என்றால் ரேம் மட்டும்தான். நிரல் வட்டிலிருந்து ரேமுக்கு ஏறும், அங்கிருந்து ஓடும், வட்டில் எவ்வளவு இடம் போனது என்று யாரும் கவலைப்படுவதில்லை. சின்னச் சாதனங்களில் கதை வேறு. அர்டுயினோ உனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் தங்க 32 கிலோபைட் ஃபிளாஷ், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம். மாறிகளும் அடுக்கும் (‘ஸ்டாக்’, செயற்கூறுகள் ஓடும்போது தற்காலிக மதிப்புகளை வைத்து எடுக்கும் இடம்) இருக்க 2 கிலோபைட் ரேம், அதாவது 2,048 பைட். நிரல் ஃபிளாஷிலிருந்தே நேராக ஓடுகிறது. இங்கே ஃபுட்பிரின்ட் எவ்வளவு என்று கேட்டால் பதில் ஒரு எண் அல்ல, இரண்டு.

தொகுத்து (‘கம்பைல்’ செய்து) முடித்த நிரலின் மேல், அதன் பகுதிகளின் அளவைக் காட்டும் ‘சைஸ்’ கட்டளையை ஓட்டினால் இப்படி ஏதாவது வரும் (எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை):

டெக்ஸ்ட் 18,240
டேட்டா 420
பிஎஸ்எஸ் 1,100
மொத்தம் 19,760

டெக்ஸ்ட் என்பது நிரலின் கட்டளைகள், ஃபிளாஷில் இருக்கும். பிஎஸ்எஸ் என்பது சுழியத்தில் தொடங்கும் மாறிகள், ரேமில் மட்டும். டேட்டாதான் விவகாரம் பிடித்தது. தொடக்க மதிப்பு உள்ள மாறிகள் அவை. மின்சாரம் போனாலும் அந்த மதிப்பு அழியக் கூடாது என்பதால் ஃபிளாஷில் ஒரு படி, ஓடும்போது மாற்ற வேண்டியிருப்பதால் ரேமில் ஒரு படி என இரண்டு பக்கமும் இடம் கேட்கும். ஆக ஃபிளாஷில் 18,660 பைட், ரேமில் 1,520 பைட். கடைசியில் உள்ள அந்த ‘மொத்தம்’ 19,760 இருக்கிறதே, அது இரண்டில் எதுவுமே இல்லை. புதிதாக வருபவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் “32 கிலோபைட்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறதோ, இல்லையோ” என்று குழம்புகிறார்கள். உண்மையில் நெருக்கடி வேறு பக்கம். ரேமில் மிச்சம் 528 பைட், அடுக்கு முழுவதும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

நமக்கு நெருக்கமான ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ‘நினைவகம் போதவில்லை’ என்று தமிழில் ஒரு பிழைச்செய்தி வைப்பதாகக் கொள்வோம். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனித்தனியே 3. இந்தச் செய்தியில் 17 குறியீடுகள், அது 51. நடுவில் ஒரு இடைவெளி, கடைசியில் சரம் (எழுத்துத் தொடர்) முடிந்ததைக் குறிக்கும் ஒரு சுழியம், ஆக 53 பைட். அந்தச் சில்லில் சரங்கள் தாமாகவே டேட்டாவில் போய் உட்காரும், எனவே ஃபிளாஷிலும் 53, ரேமிலும் 53. இப்படி 38 செய்தி வைத்தால் ரேமே ஏறக்குறையத் தீர்ந்துவிடும், செய்தியில் சொன்னது அப்படியே பலித்துவிடும். சரத்தை ஃபிளாஷிலேயே வைத்துப் படிக்கும்படி அறிவித்தால் ஃபிளாஷ் கணக்கு ஏறக்குறைய அசையாது, ரேம் கணக்கு மட்டும் 53 இறங்கும். ஒன்று அசையாமல் மற்றொன்று இறங்குவதைச் சொல்ல ஒற்றைத் ‘தடம்’ போதாது.

ஒன்று இறங்க மற்றது ஏறும் இடமும் உண்டு. லினக்ஸ் கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) சுருக்கிக் கட்டி ஃபிளாஷில் வைத்தால் ஃபிளாஷில் இடம் மிச்சம், ஆனால் தொடங்கும்போது விரித்து ரேமில் கொட்ட வேண்டும். மாறாக, ‘நார்’ (NOR) வகை ஃபிளாஷில் விரித்த நிலையிலேயே வைத்து இருந்த இடத்திலிருந்து ஓட்டினால் கட்டளைகள் ரேமுக்கு ஏற வேண்டியதில்லை. ரேம் பிழைக்கிறது, ஃபிளாஷ் வீங்குகிறது. இதில் எதைச் ‘சிறிய ஃபுட்பிரின்ட்’ என்பீர்கள்? எந்த நினைவகம் என்று சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 7228 ஆவணம் வளம் குறைந்த சாதனங்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பில் ரேம் 10 கிலோபைட் அளவு, ஃபிளாஷ் 100 கிலோபைட் அளவு. இரண்டாம் வகுப்பில் 50, 250. இவற்றுக்கெல்லாம் மிகக் கீழே இருப்பவை சுழிய வகுப்பு. அங்கும் எண்கள் சோடியாகத்தான் வருகின்றன. ரயட் இயங்குதளத்தின் ஆவணமும் குறைந்தது ரேம் ஏறக்குறைய 1.5 கிலோபைட், நிரலுக்கு ஏறக்குறைய 5 கிலோபைட் என்று இரண்டாகவே சொல்கிறது. துறையில் இருப்பவர்கள் ஒற்றை எண்ணில் பேசுவதில்லை. ஆகவே நாம் உருவாக்கும் சொல்லும் முன்னால் ‘ஃபிளாஷ்’, ‘ரேம்’ என்று சேர்த்தால் உறுத்தாமல் நிற்க வேண்டும். பின்னால் ‘குறைகிறது’, ‘கூடுகிறது’ என்ற வினைகளையும் தாங்க வேண்டும்.

இப்போது வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘நினைவகப் பரப்பு’: படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் முகவரிப் பரப்புக்கு (‘அட்ரஸ் ஸ்பேஸ்’) அது வேண்டியிருக்கும். விட்டுவிடலாம். ‘நினைவகத் தீனி’ என்று எழுதிய நண்பரின் நகைச்சுவை பிடித்திருந்தது. பேச்சில் நாமும் “மெமரியைத் தின்னுது” என்றுதான் சொல்கிறோம். கையேட்டில் போட்டால் சிரிப்பார்கள்.

‘கொள்ளிடம்’ அழகான சொல். ஆற்றின் பெயர் என்பது பெரிய தடையும் இல்லை. ஆனால் கொள்வது சில்லு, இயங்குதளம் அல்ல. எவ்வளவு கொள்ளும் என்பது வன்பொருளின் குணம். நாம் பெயர் தேடுவது அதற்குள் வந்து உட்காரும் மென்பொருளின் குணத்துக்கு.

> ‘நினைவகத் தேவை’ என்று எளிமையாக முடித்துவிடலாமே?

இது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, பல இடங்களில் ஓடியும் போகும். ஆனால் தேவை, பிடித்தது, பயன்பட்டது என்று மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு இயங்குதளத்தில் ஒரு பணியை உருவாக்கும்போது அதற்கு அடுக்காக 512 பைட் ஒதுக்குகிறோம் என்று வையுங்கள். ஒதுக்கிய உடனே அந்த 512-உம் போய்விட்டது, வேறு யாரும் தொட முடியாது. அந்தப் பணி உண்மையில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று எப்படிப் பார்ப்பது? அதற்கென்று உள்ள அமைப்பை இயக்கிவிட்டால், அடுக்கு முழுவதையும் முதலிலேயே 0xa5 என்ற பைட்டால் நிரப்பிவிடுவார்கள். பணி ஓட ஓட அடுக்கு அந்த நிரப்பலை அழித்துக்கொண்டு போகும். பிறகு ஒருநாள் எட்டிப் பார்த்தால், கடைக்கோடியிலிருந்து எத்தனை 0xa5 அழியாமல் இருக்கிறதோ அவ்வளவு மிச்சம். 300 பைட் அழியாமல் இருந்தால் பயன்பட்டது 212. பிடித்து வைத்திருப்பது என்னவோ 512-தான். இரண்டையும் ‘தேவை’ என்றால் வாசகர் எதை எடுத்துக்கொள்வார்?

(போகிற போக்கில் ஒன்று. அந்த 0xa5 அழிந்த இடம் இருக்கிறதே, அதுதான் அசல் தடம். அடுக்கு வந்தது, போனது, சுவடு கிடக்கிறது. தடம் என்ற சொல்லை யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இதற்குக் கொடுங்கள்.)

‘இடவடைப்பு’ பேச்சுமொழிக்கு மிக அருகில் வருகிறது. “சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது” என்று சொல்லாதவர் யார்? தயக்கம் அதிலேயேதான் இருக்கிறது. அடைப்பு என்றாலே குறைசொல்லும் தொனி வந்துவிடுகிறது. ஃபுட்பிரின்ட்டோ நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. 5 கிலோபைட் இயங்குதளத்துக்கும் ஒன்று உண்டு, 500 மெகாபைட் இயங்குதளத்துக்கும் ஒன்று உண்டு. குறைசொல்வதற்கு ‘ப்ளோட்’ (மென்பொருள் தேவையில்லாமல் வீங்குவது) தனியாக இருக்கிறது. அதற்கு ‘ஊதல்’ என்று முன்பே ஒரு நண்பர் எழுதியதை நான் ஆதரிக்கிறேன். லினக்ஸ் மூலநிரலோடு வரும் ப்ளோட்-ஓ-மீட்டர் என்ற சிறு நிரல், இரண்டு முறை தொகுத்த கர்னலை அருகருகே வைத்து எந்தச் செயற்கூறு எத்தனை பைட் கூடியது, எது குறைந்தது என்று வரிசைப்படுத்திக் காட்டும். எழுதியவர் மேட் மெக்கால். சின்னச் சாதனங்களுக்காக லினக்ஸை இளைக்க வைக்கும் லினக்ஸ்-டைனி ஒட்டுகளை (‘பேட்ச்’) 2003-இல் தொடங்கியவரும் அவர்தான். அந்த நிரலுக்கு ஊதல்மானி என்று பெயர் வைத்தால் எவ்வளவு பொருத்தம்!

மிஞ்சியது ‘இடப்பிடிப்பு’. என் வாக்கு இதற்குத்தான்.

படம் பிடித்தல், படப்பிடிப்பு. இடம் பிடித்தல், இடப்பிடிப்பு. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை, அச்சு ஏற்கெனவே இருக்கிறது. வினையாகவும் சரளமாக வருகிறது. கர்னல் ஃபிளாஷில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று யாரும் கேட்பார்கள், அதற்கு விளக்கம் தேவையில்லை. பிடித்தல் என்றால் இப்போது கையில் இருக்கிறது, விட்டால் போய்விடும் என்ற பொருளும் கூடவே வருகிறது. தடத்தில் இல்லாதது இதுதான்.

> இடப்பிடிப்பு என்றதும் எனக்கு இடுப்புப் பிடிப்பு ஞாபகம் வருகிறது. தவிர, இடப்பக்கப் பிடிப்பு என்றும் படிக்கலாம்.

முதலாவதற்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள் அண்ணா, சரியாகிவிடும். இரண்டாவது நியாயமான கேள்வி. தனியாக நின்றால் அந்த மயக்கம் வரலாம். ‘ரேம் இடப்பிடிப்பு’, ‘ஃபிளாஷ் இடப்பிடிப்பு’, பொதுவாகச் சொல்ல ‘நினைவக இடப்பிடிப்பு’ என்று முன்னொட்டோடு வரும்போது இடது வலது யாருக்கும் தோன்றாது. முன்னொட்டு இல்லாமல் எழுதவே கூடாது என்று நடைக் கையேட்டில் ஒரு வரி போட்டுவிடலாம். எந்த நினைவகம் என்று சொல்லியே தீர வேண்டிய கட்டாயமும் அதனால் வந்துவிடும், எனக்கு அதுதான் வேண்டும்.

சொல் நிற்குமா என்று கையேட்டின் கருத்துகளையே வாக்கியமாக்கிப் பார்த்தேன்:

“பயன்படுத்தாத இயக்கிகளை அமைவுத் தேர்வுகளில் நீக்கிவிட்டுத் தொகுத்தால் கர்னலின் ஃபிளாஷ் இடப்பிடிப்பு குறையும்.” சரியாக வருகிறது.

“ஒவ்வொரு செயற்கூற்றையும் தனிப் பிரிவில் வைக்கும்படி தொகுப்பிக்குச் சொல்லி, யாரும் அழைக்காத பிரிவுகளை இணைப்பி தூக்கி எறியும்படி செய்தால் மூலநிரலில் கைவைக்காமலே ஃபிளாஷ் இடப்பிடிப்பைக் குறைக்கலாம்.” நீளம், ஆனால் தடுக்கவில்லை.

“ஒவ்வோர் இழைக்கும் தனி அடுக்கு என்பதால் இழைகள் கூடக் கூட ரேம் இடப்பிடிப்பும் கூடும். கான்டிக்கி இயங்குதளத்தின் புரோட்டோ இழைகள் எல்லாம் ஒரே அடுக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓர் இழைக்கு 2 பைட் அளவே கூடுதல் ரேம் இடப்பிடிப்பு.” இதுவும் ஓடுகிறது. (இங்கே இழை என்பது மடல் இழை அல்ல, நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் ‘த்ரெட்’.) கான்டிக்கியை எழுதிய ஆடம் டங்கெல்ஸ் செய்த இந்த வேலையைப் பற்றிக் கையேட்டில் இன்னும் ஒரு பத்தி சேர்க்கலாம் என்பது என் கருத்து. 2 பைட் சும்மா வரவில்லை. இழை காத்திருக்கப் போகும்போது அடுக்கை விட்டுவிடுவதால், செயற்கூற்றுக்குள் வைத்த மாறிகளின் மதிப்பு திரும்பி வரும்போது இருக்காது. அது தெரியாமல் எழுதுபவர் பிழை எங்கே என்று நாள்கணக்கில் தேடுவார். இடப்பிடிப்பைக் குறைக்கும் எந்த வழியிலும் இப்படி எதையாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். நம் மொழிபெயர்ப்பில் அந்தப் பக்கம் மங்கலாக இருக்கிறது.

“ஓடும்போது குவியலிலிருந்து (‘ஹீப்’) கேட்டு வாங்காமல் எல்லாவற்றையும் தொகுக்கும்போதே ஒதுக்கிவிட்டால் ரேம் இடப்பிடிப்பு முன்கூட்டியே தெரிந்துவிடும்.” குறையும் என்று எழுதாமல் தெரிந்துவிடும் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். சில வேளை கூடவும் செய்யும். ஆனால் ‘சைஸ்’ காட்டும் எண்ணை நம்பலாம், நள்ளிரவில் குவியல் தீர்ந்து சாதனம் நின்றுபோகாது.

அடுத்து, ‘ஸ்மால் ஃபுட்பிரின்ட் ஓஎஸ்’ என்பதற்கு ‘சிறிய இடப்பிடிப்பு கொண்ட இயங்குதளம்’ என்று எழுதலாம்தான், ஆனால் ஒரே பக்கத்தில் எட்டு முறை வந்தால் கை வலிக்கும். ‘சிற்றிட இயங்குதளம்’ என்று வைக்கலாமா? சிற்றூர், சிற்றுந்து, சிற்றுண்டி வரிசையில் சிற்றிடம். சிறிய இடத்துக்குள் குடியிருக்கத் தெரிந்த இயங்குதளம் என்று பொருள் தானாக விரிகிறது. ‘நுண் இயங்குதளம்’ என்ற பரிந்துரையை நான் ஏற்காததற்குக் காரணம், நுண்கர்னல் என்று வேறொன்று இருப்பதுதான். நுண்கர்னல் என்பது கட்டமைப்பு பற்றியது. இயக்கிகளையும் கோப்பு முறைமையையும் கர்னலுக்கு வெளியே வைப்பது. அப்படிக் கட்டியது ஒட்டுமொத்தமாகச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பிசிபி ஃபுட்பிரின்ட் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சுற்றுப்பலகையில் சில்லின் கால்களைப் பற்றவைக்க விடும் செப்புத் திட்டுகளின் அமைப்பு அது. சில்லுக்கு உண்மையிலேயே கால் இருப்பதால் ‘காலடி’ என்றே வைக்கலாம் என்பது என் எண்ணம். நினைவகத்தோடு அதைக் கலக்க வேண்டாம். வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.

சொற்பட்டியலில் சேர்ப்பதற்கான வரைவு:

இடப்பிடிப்பு (பெயர்ச்சொல்): ஒரு மென்பொருள் ஒரு குறிப்பிட்ட நினைவகத்தில் தனக்கென்று பிடித்து வைத்திருக்கும் அளவு, பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும். எந்த நினைவகம் என்று சேர்த்தே எழுதுக. வினை: இடம் பிடி.

‘பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும்’ வேண்டுமா என்று இரண்டு மனதாக இருக்கிறேன். 512, 212 விவகாரம் தெரியாதவருக்கு அது குழப்பம் தரலாம், தெரிந்தவருக்கோ அதுதான் முக்கியம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ‘தடம்’ வரும் இடங்களை என் படியில் மாற்றி வைத்திருக்கிறேன். ட்ரேஸ் பற்றிய பகுதியில் மட்டும் கைவைக்கவில்லை. மறுப்பு இருப்பவர்கள் அந்த அத்தியாயம் மெய்ப்புக்குப் போகும் முன் எழுதிவிடுங்கள்.